மகன் சபைக்கு வருவதில்லை. விசுவாசத் தாய்மை பற்றி நான் பேச வேண்டுமாம்

நெல்லைச்சீமை எழுதியது:

எல்லோருக்கும் தோத்திரம். எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவர் பொறுப்பில் இருக்கும் சபைகள்) அடுத்த மாதம் பெண்கள் பண்டிகை. ஐக்கிய சங்கத்தில் இந்த வருடம் என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டீஸும் அடித்தாகிவிட்டது. தலைப்பு "லோவிசாள், ஐனிக்கேயாள்: நாம் விட்டுச்செல்லும் விசுவாசம்". வேதத்தில் வரும் தீமோத்தேயுவின் பாட்டியும் தாயும்.

சிக்கல் என்னவென்றால், என் மூத்தவன் சபைக்குப் போவதில்லை. பெங்களூரில் வேலை. காலேஜ் முடிக்கும்போதே சொல்லிவிட்டான், "அம்மா, எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, உங்களுக்காக நடிக்கவும் பிடிக்கவில்லை" என்று. சண்டை எதுவும் இல்லை. ஊருக்கு வந்தால் ராத்திரி குடும்ப ஜெபத்தில் எங்களோடு உட்காருவான், பைபிளைக் கையில் எடுக்க மாட்டான். இளையவள் பாடகர் குழுவில் இருக்கிறாள், ஓய்வுநாள் பள்ளியில் வகுப்பு எடுக்கிறாள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே ஜெபம்.

என் அம்மா உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருக்கும் கலயத்தில் போடுவாள். பிடி அரிசிக் காணிக்கை. குறுணை அரிசி வாங்கிப் பொங்கிய மாதத்தில்கூட அந்தப் பிடி நின்றதில்லை. கை மட்டும் கொஞ்சம் சின்னதாக மூடும். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் மகனும் அந்த ஆச்சி மடியில் வளர்ந்தவன்தான்.

பண்டிகையில் பேசுகிறவர்கள் எல்லாரும் நீதிமொழிகள் 22:6ல் கொண்டுபோய் முடிப்பார்கள். "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்." அதை நான் வாசித்தால் முன்னால் இருக்கும் பாதிப்பேர் என் முகத்தைப் பார்ப்பார்கள். எங்கள் ஊர் அப்படி. என்ன பேசட்டும், சொல்லுங்கள்.

கீர்த்தனைப்பிரியன் எழுதியது:

கர்த்தருக்குத் தோத்திரம் தங்கச்சி. மனம் தளராதீர்கள். பிற்காலத்தில் பெரிய பேராயரான பரிசுத்த அகுஸ்தீன் வழிதவறியிருந்தபோது அவர் தாய் மோனிக்கா எத்தனை வருடம் அழுதாள்! அந்தக் கண்ணீர் வீண்போகவில்லையே. முழங்காலில் நில்லுங்கள், உங்கள் மகன் திரும்பி வருவான். இதையே சாட்சியாகச் சொல்லுங்கள், அநேகருக்கு ஆறுதலாக இருக்கும்.

அடைக்கலக்குருவி எழுதியது:

அண்ணன் கோவித்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை சபையை விட்டுப் போன எந்தத் தாயிடமும் முதலில் மோனிக்காவைத்தான் நீட்டுகிறார்கள். கேட்கிறவளுக்கு அது "நீ இன்னும் போதுமான அளவு அழவில்லை" என்றுதான் காதில் விழுகிறது. நானும் கேட்டிருக்கிறேன்.

மோனிக்கா கதையில் யாரும் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. அகுஸ்தீன் மானி மதத்தில் (பாரசீகத்தில் தோன்றிய ஒரு பழைய மதம்) இருந்தபோது, அவனோடு பேசி அவன் தவறை உணர்த்துங்கள் என்று அவள் ஒரு பேராயரிடம் போய்க் கெஞ்சினாள். அவர் மறுத்துவிட்டார். "அவன் இப்போது கேட்கிற நிலையில் இல்லை, விட்டுவிடு, அவனுக்காக ஜெபி, படித்துப் படித்துத் தானே கண்டுகொள்வான்" என்றார். அவரே சிறுவயதில் அந்த மதத்தில் வளர்ந்து வெளியே வந்தவர். அவள் விடாமல் அழுதபோதுதான், கொஞ்சம் சலிப்போடு, இவ்வளவு கண்ணீருக்குரிய பிள்ளை கெட்டுப்போவது நடக்காத காரியம், போய் வா என்று அனுப்பிவைத்தார். இதையெல்லாம் அகுஸ்தீன் தானே எழுதிவைத்திருக்கிறார். நாம் அந்தக் கடைசி வரியை மட்டும் வைத்துக்கொண்டு, "விட்டுவிடு" என்று சொன்னதை மறந்துவிட்டோம்.

நெல்லை அக்கா, 22:6 நீதிமொழி. பொதுவாக உலகில் நடப்பதைச் சொல்கிறது. கர்த்தர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம் என்று அதைப் படிக்கக் கூடாது. சாமுவேல் புத்தகத்தைப் பாருங்கள். ஆசாரியன் ஏலியின் சொந்தப் பிள்ளைகள் ஓப்னியும் பினெகாசும் கெட்டுப்போனார்கள். அதே ஏலியின் கையில் வளர்ந்த அன்னாளின் மகன் சாமுவேல் தீர்க்கதரிசி ஆனான். அந்த சாமுவேலின் பிள்ளைகள் யோவேலும் அபியாவும் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள். அன்னாள் வருடா வருடம் சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனதைப் பிரசங்கம் பண்ணுகிறவர்கள் அவள் பேரப்பிள்ளைகளைப் பற்றி வாயே திறப்பதில்லை.

தரங்கைவாசகன் எழுதியது:

குருவி அக்கா சொன்னதோடு இன்னொரு சரித்திரத்தைச் சேர்க்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் நம்ம தரங்கம்பாடியும் வருகிறது.

ஜெர்மனியில் சாக்சனிப் பக்கம் புல்ஸ்னிட்ஸ் என்று ஒரு சிறு ஊர். அங்கே ஒரு தாய் மரணப்படுக்கையில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்களுக்காக ஒரு பெரிய பொக்கிஷம் சேர்த்து வைத்திருக்கிறேன் என்றாள். எங்கே என்று கேட்டார்கள். வேதத்தில் தேடுங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணீரால் நனைத்திருக்கிறேன் என்றாள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் 1682ல் பிறந்த சீகன்பால்கு, தமிழகத்துக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரி. தகப்பனையும் சிறுவயதிலேயே இழந்தார். 1706 ஜூலையில் உடன் மிஷனரி புளுட்சோவோடு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் புதிய ஏற்பாடு 1715ல் அச்சானதும், 1718ல் புதிய எருசலேம் ஆலயம் எழும்பியதும், மறுவருடமே அவர் இறந்ததும் நமக்குத் தெரிந்தவை.

இனிமேல் வருவது பலருக்குத் தெரியாது. அந்த இருவரும் தரங்கம்பாடியிலிருந்து எழுதிய கடிதங்களை 1709ல் லண்டனில் ஆங்கிலத்தில் அச்சிட்டார்கள். அதில் ஒரு பிரதி இங்கிலாந்தின் எப்வொர்த் என்னும் கிராமத்து குருவானவர் சாமுவேல் வெஸ்லியின் படிப்பறையில் கிடந்தது. மகள் எமிலியா அதைத் தேடி எடுத்துவந்து தாய்க்கு வாசித்துக் காட்டினாள். தாய் சூசன்னா வெஸ்லி. 19 பிள்ளை பெற்று, 10 பேரை மட்டும் வளர்த்தெடுத்தவள். கடன் வேறு, 1709 பிப்ரவரியில் வீடும் எரிந்துபோயிற்று. அன்றிரவு மாடி ஜன்னலில் சிக்கிய ஐந்து வயது ஜானை, ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றுதான் இறக்கினார்கள்.

தரங்கம்பாடிக் கடிதங்களைக் கேட்டபின் பல நாள் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. நான் ஆணும் இல்லை, ஊழியக்காரியும் இல்லை, ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகம் செய்யலாமே என்று தோன்றியதாக 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதினாள். முதலில் சொந்தப் பிள்ளைகளிடம் தொடங்கினாள். ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவது என்று முறை வைத்தாள். திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜான், வெள்ளி பாட்டி (நம்ம பாட்டி இல்லை, மார்த்தா என்ற மகளின் செல்லப்பெயர்), சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும்.

கணவர் சபைக்கூட்டத்துக்காக லண்டனில் தங்கியிருந்த அந்தக் காலத்தில், ஞாயிறு மாலை வீட்டில் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஜெபமும் வாசிப்பும் நடத்தினாள். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். ஆட்கள் இருநூறைத் தாண்டி, நிற்க இடமில்லாமல் திரும்பிப் போனார்கள். காலையில் ஆலயத்தில் பிரசங்கித்த உதவி குருவானவருக்கு அது பொறுக்கவில்லை, புகார் எழுதினார். நிறுத்து என்று கணவரிடமிருந்து கடிதம் வந்தது. வெறும் விருப்பமாகச் சொல்லாதீர்கள், கட்டளையாகவே அனுப்புங்கள், நியாயத்தீர்ப்பு நாளில் இந்த ஆத்துமாக்களைப் பற்றிக் கேட்டால் அந்தப் பொறுப்பு என்மேல் விழாமல் இருக்கட்டும் என்று பதில் போட்டாள். கட்டளை வரவில்லை.

ஜான் பின்னால் ஆக்ஸ்போர்டில் இருந்துகொண்டு, அந்த வியாழக்கிழமை மாலையைத் தனக்குத் திரும்பத் தரும்படி தாய்க்குக் கடிதம் எழுதினார். மெதடிஸ்ட் இயக்கம் (இங்கிலாந்துச் சபைக்குள் எழுந்த எழுப்புதல்) அந்த ஜானிடமிருந்துதான் புறப்பட்டது.

புல்ஸ்னிட்ஸ் தாய் பொக்கிஷம் வைத்தது தன் பிள்ளைகளுக்கு. அது கடல் தாண்டித் தமிழில் இறங்கி, திரும்ப இங்கிலாந்துக்குப் போய் முகம் தெரியாத ஒருத்தியின் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. விட்டுச்செல்லும் விசுவாசம் என்பது அம்மா, பிள்ளை, பேரப்பிள்ளை என்று வரிசையாகத்தான் இறங்க வேண்டும் என்று உங்கள் நோட்டீஸ் நினைக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கைக்குழந்தைக்காரி எழுதியது:

தரங்கை அண்ணன், அருமை. ஆனால் சூசன்னாவை அப்படியே தூக்கி மேடையில் வைக்க எனக்குப் பயம். 1732ல் பிள்ளை வளர்ப்பைப் பற்றி மகன் கேட்டு அவள் எழுதிய கடிதத்தில், ஒரு வயது ஆனதுமே, சிலருக்கு அதற்கு முன்பே, பிரம்புக்குப் பயப்படவும் மெதுவாக அழவும் பிள்ளைகளுக்குப் பழக்கியதாகச் சொல்கிறாள். பிள்ளையின் சித்தத்தை முதலில் அடக்க வேண்டுமாம். என் மடியில் பத்து மாதக் குழந்தை. அது வாய்விட்டு அழுதால்தான் எனக்கு உயிரே வருகிறது. "பிரம்பைக் கையாடாதவன்" வசனத்தைக் காட்டி அடித்து வளர்க்கப்பட்டவள் நான். என் அண்ணன் அந்த அடிக்காகவே ஆலயத்தை வெறுத்தான்.

கீர்த்தனைப்பிரியன் எழுதியது:

கண்டிப்பு இல்லாத வீடும் வீடா தங்கச்சி? எங்கள் அப்பா குடும்ப ஜெபத்தில் தூங்கினால் காதைத் திருகுவார். இன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஆலயத்தில்தான் இருக்கிறோம். அந்தக் காலத்தில் ஒழுங்கு இருந்தது.

தரங்கைவாசகன் எழுதியது:

கைக்குழந்தைக்காரி சொல்வதை நான் மறுக்கவில்லை. அந்தக் கடிதத்தில் வேறு விஷயங்களும் உண்டு: ஒரு தவறுக்கு இரண்டு முறை தண்டனை கிடையாது, உண்மையை ஒப்புக்கொண்டால் அடி கிடையாது, வாசிக்கத் தெரியும் முன் எந்தப் பெண்பிள்ளையையும் தையல் வேலையில் உட்காரவைக்கக் கூடாது. 18ம் நூற்றாண்டு கிராமத்தில் இந்தக் கடைசி விதி பெரிய காரியம். பிரம்பை அங்கேயே விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம்.

கீர்த்தனை அண்ணன், "ஒழுங்கு இருந்தது, அதனால் ஆலயத்தில் இருக்கிறோம்" என்பதற்கு அதே வீட்டிலிருந்தே பதில் சொல்லலாம். செவ்வாய்க்கிழமைக்காரி ஹெட்டியைப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளிலேயே புத்திசாலி, எட்டு வயதில் கிரேக்கப் புதிய ஏற்பாடு வாசித்தவள், கவிதை எழுதுவாள். 1725ல் ஒருவரை நம்பி வீட்டைவிட்டுப் போனாள். அவர் கல்யாணம் செய்யவில்லை. கர்ப்பமாகத் திரும்பி வந்தாள். தகப்பன் அவளை முதலில் கேட்ட ஆளுக்கே, வில்லியம் ரைட் என்ற பிளம்பருக்கு, கட்டிக் கொடுத்துவிட்டார். படிப்பு வாசனை இல்லாத, குடிக்கிற மனிதர். பிள்ளைகள் பச்சைக் குழந்தையிலேயே இறந்தன. திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டு எழுதினாள், தகப்பன் மனம் இளகவில்லை. வீட்டில் அவள் பக்கம் நின்றவள் உடல் ஊனமுற்ற அக்கா மோலி. ஜான் 1726ல் தகப்பனின் சபையிலேயே, தவறியவர்களிடம் இரக்கம் காட்டுவது பற்றிப் பிரசங்கம் செய்து வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

செவ்வாய் இரவுக்கும் வியாழன் இரவுக்கும் என்ன வித்தியாசம்? அதே தாய், அதே மேசை.

ஹெட்டி கடைசி வருடங்களில் மெதடிஸ்டுகளோடு நெருங்கினாள், 1750ல் இறக்கும் முன் தம்பி சார்லஸ் அவளிடம் போய் ஜெபித்தார். சூசன்னா 1742லேயே இறந்துவிட்டாள்.

ஞாயிறுபள்ளி டீச்சர் எழுதியது:

வாசித்துக்கொண்டே வந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். பெண்கள் பண்டிகைக்கு வருகிறவர்களில் பிள்ளை இல்லாதவர்களும், என்னை மாதிரிக் கல்யாணம் ஆகாதவர்களும் இருக்கிறோம். "தாய்மார்களுக்கு ஒரு ரோஜாப்பூ" என்று கொடுக்கும்போது நாங்கள் பாத்திரம் கழுவுகிற பக்கம் போய் நின்றுகொள்வோம்.

நெல்லைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, களக்காட்டுப் பக்கம் டோனாவூர் இருக்கிறது. அங்கே ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் பிள்ளைகளை எடுத்து வளர்த்தது, 1901ல் கோயிலுக்கு விடப்பட்ட ஒரு சிறுமி தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்ததில் ஆரம்பித்தது. 1931ல் கீழே விழுந்தபின் கடைசி இருபது வருடமும் பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். 1951ல் இறந்தபோது கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி ஒன்றை அங்கே வைத்தார்கள். அதில் "அம்மா" என்று மட்டும் இருக்கும்.

பவுலும் ரோமர் 16:13ல் ரூபின் தாயை "அவனுக்கும் எனக்கும் தாயானவள்" என்கிறார். அவள் பெயர்கூட எழுதப்படவில்லை. உங்கள் செய்தியில் எங்களுக்கும் ஒரு வரி வையுங்கள் அக்கா.

மீன்பாடும்தேன்நாடு எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து. தரங்கை அண்ணா நிறுத்தின இடத்திலிருந்து எங்கட கதை தொடங்குது, அதைச் சொல்லத்தான் வந்தேன். வெஸ்லியன் மிஷனரிமார் 1814ல் இலங்கைக்கு வந்தவை. கூட்டிவந்த தோமஸ் கோக் வழியிலேயே கப்பலில் இறந்துபோனார். வில்லியம் ஓல்ட் எங்கட ஊருக்கு வந்து அந்த வருடமே பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த வருடம் அவரும் காலமாகிவிட்டார். அந்தப் பள்ளிக்கூடம் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றைக்கும் நடக்குது. என்ர அம்மம்மா வாசிக்கக் கற்றது மெதடிஸ்தப் பள்ளியில்தான்.

தரங்கம்பாடித் தமிழ்க் கரையிலிருந்து போன கடிதம் எப்வொர்த் குசினிக்குப் போய், நூறு வருடம் கழிச்சு இன்னொரு தமிழ்க் கரைக்குப் பள்ளிக்கூடமாக வந்திருக்குது. இதை எங்கட போதகரிட்ட இண்டைக்கே சொல்லப்போறன்.

வெளியே நிற்பவன் எழுதியது:

இந்தக் குழுவில் நான் எழுதுவதே இல்லை, அம்மா அனுப்புகிற இணைப்புகளுக்காகச் சேர்ந்தேன். நெல்லை அக்காவின் மகன் இடத்தில் இருக்கிறவன் நான். ஆலயம் போய்ப் பல வருடம் ஆகிறது.

என்னைச் சபையில் எல்லோருக்கும் தெரியும், ஜெபக்குறிப்பாக. "வழிதப்பிய வாலிபர்களுக்காக" என்று ஐயர் (குருவானவர்) சொல்லும்போது முன்வரிசைத் தலைகள் திரும்பி அம்மாவைப் பார்க்கும். அதற்குப் பயந்தே பண்டிகைக்கு ஊர்ப்பக்கம் வருவதை விட்டேன். கீர்த்தனை அண்ணன் சாட்சியாகச் சொல்லச் சொல்கிறார். அக்கா, தயவுசெய்து வேண்டாம். உங்கள் மகன் உங்களிடம் நடிக்காமல் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அதை உங்களிடம்தான் சொன்னான், சேகரத்திடம் இல்லை.

என் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது என்று கேட்டால், தெருவில் யாரும் தண்ணீர் கொடுக்காத ஒரு குடும்பத்துக்கு எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பிலேயே கொடுத்தாள். அப்பா சத்தம் போட்டார். "இயேசு எந்தச் செம்பில் குடித்தார் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். அந்தச் செம்பை விடவில்லை. இதை மரபு என்று நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா தெரியாது.

அடைக்கலக்குருவி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் அது போதும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் அம்மாவுக்கும் போதாது, அவள் உங்களுக்காக இன்னும் ஜெபிப்பாள். அதில் உங்களுக்குக் கோபம் வந்தாலும் சரி. மைக்கில் இல்லாமல் அறைக்குள் ஜெபித்தால் உங்களுக்கு ஆட்சேபம் இல்லைதானே?

வெளியே நிற்பவன் எழுதியது:

இல்லை அக்கா. அறைக்குள் என்றால் இல்லை.

நெல்லைச்சீமை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தம்பி எழுதியதை வாசித்துவிட்டு மகனுக்கு போன் போட்டேன். பண்டிகையில் பேசப்போகிறேன், உன் பெயரை எடுக்க மாட்டேன் என்றேன். "எடுத்தாலும் பரவாயில்லை, அழாமல் எடுங்கள்" என்று சிரிக்கிறான். எடுக்கப்போவதில்லை.

22:6ஐ வாசிப்பேன், ஆனால் ஏலி வீட்டோடு சேர்த்து. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16ல் இருப்பதையும் சொல்வேன். அந்த வீட்டில் ஐனிக்கேயாள் தனியாகத்தான் இழுத்திருக்கிறாள், எங்கள் சங்கத்தில் பாதிப்பேர் நிலைமை அதுதான். பிறகு தரங்கம்பாடிக் கடிதம், செவ்வாய், வியாழன், டோனாவூர், மட்டக்களப்பு. டீச்சர், ரோஜாப்பூ இந்த வருடம் வாசலில் நின்று எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லிவிட்டேன். செலவு கூடும் என்று பொருளாளர் அக்கா முனகினார்கள், முனகட்டும்.

கீர்த்தனைப்பிரியன் எழுதியது:

நல்லது தங்கச்சி, கர்த்தர் துணை. ஒரே ஒரு வேண்டுகோள். ஹெட்டியைச் சொல்லுங்கள், ஆனால் ஏன் வீட்டைவிட்டுப் போனாள், எப்படித் திரும்பினாள் என்ற விவரம் மேடையில் வேண்டாம். திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகள் (சபையின் முழு அங்கத்தினராகத் தயாராகும் இளம்பிள்ளைகள்) முன்வரிசையில் இருப்பார்கள். பண்டிகை நாளும் அதுவுமாக எதற்கு?

நெல்லைச்சீமை எழுதியது:

அவர்கள் முன்வரிசையில் இருப்பதால்தான் அண்ணன் சொல்லப்போகிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்கு நாளை அப்படி நடந்தால், வீட்டுக்குத் திரும்பி வரலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்வரிசையில் இருக்கும் அவள் அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீங்களும் வாருங்கள், பதினொரு மணிக்கு ஆராதனை. சாப்பாடு உண்டு.